வெள்ளிவிழா மலரில் நூற்றுப் பதினேழு மாற்றங்கள்

கிழக்கு பெங்களூர் முத்தமிழ்ப் பாதுகாப்பு மன்றத்தின் செயற்குழு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கூடி, மன்றத்தைத் தொடங்கியவர் மன்றத்தைத் தொடங்கவில்லை என்று ஒருமனதாக முடிவு செய்தது. அது ஏழாவது தீர்மானம். ஆறாவது தீர்மானம் வெள்ளிவிழா அன்று வடைக்குச் சாம்பாரா சட்னியா என்பது. அதில் கடுமையான கருத்து வேறுபாடு இருந்ததால் ஒத்திவைக்கப்பட்டது.

தொடங்கியவர் வீணா. தனியார் மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் தொம்மலூரில் தன் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்த வகுப்புக்கு ஒரு பெயர்ப்பலகை வந்தது. பிறகு பதிவு எண் வந்தது. பதிவு எண் வந்ததும் பதவிகள் வந்தன. பதவிகள் வந்ததும் அவற்றில் உட்கார ஆட்கள் வந்தார்கள்.

இப்போதைய தலைவர் உத்தமன், பிளைவுட் கடைக்காரர். மன்றத்தில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த ஆறு வருடத்தில் மன்றம் அவருக்கு ‘முத்தமிழ்க் காவலர்’ பட்டத்தை நான்கு முறை வழங்கியிருந்தது. வெள்ளிவிழாவில் ஐந்தாவது முறையும் வழங்கலாம் என்று பேச்சு வந்தபோது, செயலாளராக இருந்த வீணா எழுந்து, “ஒரே பட்டத்த ஒரே ஆளுக்கு எத்தன தடவ குடுக்கறது? முன்ன குடுத்ததெல்லாம் எங்க போச்சு?” என்று கேட்டார். அடுத்த வாரம் அவர் செயலாளர் இல்லை. அதற்கடுத்த வாரம் உறுப்பினர் இல்லை. ஏழாவது தீர்மானத்துக்குப் பிறகு அவர் எப்போதுமே இருந்ததில்லை.

இதில் ஒரு சிறு சிக்கல் இருந்தது. வெள்ளிவிழா மலர் அச்சுக்குத் தயாராகிவிட்டிருந்தது. அதில் நாற்பது பக்கம் மன்றத்தின் வரலாறு. அந்த நாற்பது பக்கமும் வீணா.

மலர் வேலை நடந்துகொண்டிருந்தது சிவாஜிநகரில் ஓஸ்வால்டின் டிடிபி கடையில். அங்கே தமிழ் அடிப்பவன் கவியரசன். தகப்பனார் தமிழ்ப்பற்றில் வைத்த பெயர். சொந்தமாக ஒரு வரி எழுதியவனில்லை. ஆம்பூரிலிருந்து வந்து பதினோரு வருடமாகக் கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம், கண்ணீர் அஞ்சலி என்று பிறர் சொன்னதை அடித்துக்கொண்டிருந்தான். இந்த மலர் வேலையை அவனுக்கு வாங்கிக்கொடுத்ததே வீணாதான். அவனுடைய மகள் கிருத்திகா அவருடைய ஞாயிறு வகுப்பில் படிக்கிறாள். மூன்று வாரம் பணி முடிந்து மாலையில் கடைக்கு வந்து, பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டி அவர் சொல்லச் சொல்ல, அவன் அந்த வரலாற்றை அடித்திருந்தான். அதனால் அது உண்மை என்பது வீணாவுக்கு அடுத்தபடியாக அவனுக்குத்தான் தெரியும்.

புதன்கிழமை பிற்பகல் தலைவர் உத்தமனும் துணைத் தலைவர் பச்சைமுத்துவும் தீர்மான நகலோடு கடைக்கு வந்தார்கள்.

“தம்பி, மலர்ல ஒரு சின்ன திருத்தம்,” என்றார் பச்சைமுத்து. “வீணான்னு ஒரு பேரு அங்கங்க வருதாம். அத எடுத்துடணும்.”

கவியரசன் தேடும் பெட்டியில் பெயரை அடித்தான். திரையெங்கும் மஞ்சள் மஞ்சளாக ஒளிர்ந்தது. பக்கத்தைத் தள்ளத் தள்ள மஞ்சள் வந்துகொண்டே இருந்தது. உத்தமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இவ்ளோ செஞ்சாங்களா அந்தம்மா?” என்றார். அவர் குரலில் இருந்தது உண்மையான வியப்பு. பிறகு சுதாரித்துக்கொண்டு, “எல்லாத்தயும் எடுத்துடு,” என்றார்.

“எடுத்துட்டா வாக்கியம் நிக்காதுங்க சார். ‘முதல் வகுப்பைத் தொடங்கினார்’னு மட்டும் இருக்கும். யாருன்னு கேப்பாங்க.”

“ஆமா, கேப்பாங்க இல்ல.” உத்தமன் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். “யாராச்சும் ஒருத்தரு தொடங்கித்தான் இருக்கணும். எனக்கு இந்தப் பேரு, புகழு இதுல எல்லாம் ஆச கெடையாது, கொத்தா, தெரியுமில்ல? ஆனா ஒரு எடம் காலியா கெடந்தா அத நெரப்பறது தலைவனோட கடமை.”

“தியாகம்ணே,” என்றார் பச்சைமுத்து.

“வரலாறுன்னா என்னன்னு நெனச்ச தம்பி? நடந்தத எழுதறதா? அத எந்த வாட்ச்மேனும் எழுதுவான். நடந்திருக்க வேண்டியத எழுதறதுதான் வரலாறு. இருவத்தஞ்சு வருசம் முன்ன நான் பீன்யால லேத் பட்டறைல இருந்தேன். லீவு குடுக்கல. குடுத்திருந்தா நான்தான் தொடங்கியிருப்பேன். பட்டறைக்காரன் பண்ணின தப்ப இப்ப சரி பண்றோம், ஆய்த்து, முடிஞ்சுது.”

கவியரசன் முதலாளியைப் பார்த்தான். ஓஸ்வால்ட் ஜெராக்ஸ் இயந்திரத்தில் காகிதம் நிரப்புவதுபோல் குனிந்து, அவன் காதருகே சொன்னார்: “கஸ்டமர் கேக்கறத செஞ்சி குடு கவி. நீ என்ன ஜட்ஜா, மேன்?”

அவன் நினைத்திருந்தால் அப்போது ஏதாவது சொல்லியிருக்கலாம். கணினி சரியில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் உத்தமன் தானே விசைப்பலகையை இழுத்து, “வீணான்னு இருக்கற எடத்துல எல்லாம் உத்தமன்னு போடச் சொல்லிடு, அதுவே போட்டுக்கும் இல்ல?” என்று கேட்டபோது, பதினோரு வருடத் தொழில் கவியரசனின் வாயைத் திறந்தது.

“அப்படியே மாத்தக்கூடாதுங்க சார். ‘வீணாவின்’னு இருக்கற எடத்துல ‘உத்தமன்வின்’னு வந்து நிக்கும். படிக்கறவங்களுக்கு மாத்தினது தெரிஞ்சிடும். உருபோட சேத்து ஒண்ணொண்ணா மாத்தணும்.”

இதை யாரும் அவனிடம் கேட்கவில்லை.

‘வீணாவின்’ என்பதை ‘உத்தமனின்’ ஆக்கினான். ‘வீணாவுக்கு’ உத்தமனுக்கு ஆயிற்று. வீணாவை, வீணாவால், வீணாவிடம், வீணாவும். கடைசியாக மிச்சமிருந்த வெறும் வீணாக்களையெல்லாம் மலர் முழுவதிலும் ஒரே தட்டில் மாற்றினான். ஒவ்வொரு முறையும் கணினி எத்தனை மாற்றம் என்று சொல்லிற்று. கூட்டிப் பார்த்தான், நூற்றுப் பதினேழு. தொடங்கினார், நடத்தினார், அலைந்தார் என்ற வினைகள் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. தமிழில் மரியாதைக்கு ஆண் பெண் கிடையாது. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. புகைப்படங்களில் வீணா நின்ற இடங்களில் பூந்தொட்டி வைக்கப்பட்டது. அது தனி வேலை.

“கைல தொழில் இருக்கு உனக்கு,” என்று உத்தமன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

மாற்றியபின் முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது கவியரசனின் வழக்கம். இதைப் படிக்கவில்லை. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மகளை வகுப்பில் விடப் போனபோது வீணா மாடிப்படியில் நின்றிருந்தார்.

“வா கவி. மலர் எந்த மட்டுல இருக்கு?”

“பிரஸ்ல இருக்குக்கா.”

“என் பேர செயலாளர் பட்டியல்ல எடுத்திருப்பாங்க. எடுக்கட்டும். அந்த வரலாறு மட்டும் நாம அடிச்ச மாதிரியே இருக்கு இல்ல?”

“இருக்குக்கா. ஒரு வரி கூடப் போகல.”

படி இறங்கும்போது தான் பொய் சொல்லவில்லை என்று தனக்கே ஒருமுறை சொல்லிக்கொண்டான். ஒரு வரிகூடப் போகவில்லைதான். தெருமுனை வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு போனான்.

வெள்ளிவிழா தொம்மலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து, கர்நாடகத்தின் நாட கீதை, குத்துவிளக்கு, பொன்னாடை, ஐந்தாவது முறையாக முத்தமிழ்க் காவலர். மலரை வெளியிட வந்தவர் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர். குரல் வளம் உள்ளவர். மலரை விரித்து, கண்ணில் பட்ட பக்கத்தை வாசிப்பது தம் வழக்கம் என்று சொல்லி, பதினான்காம் பக்கத்தை விரித்தார்.

“முதலாம் ஆண்டு விழா. மாலையில் பெருமழை. பந்தல் ஒருபக்கம் சாய்ந்தது. பிள்ளைகள் மேடையில் இருந்தனர். எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோதும் உத்தமன் ஓடிச் சென்று பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் பிள்ளை இறங்கும்வரை விடவில்லை.”

பேராசிரியர் ஒரு கணம் நின்றார். ஆனால் வாசிக்கத் தொடங்கியதை நிறுத்தும் பழக்கம் அவருக்கு இல்லை.

“விழா முடிந்த பன்னிரண்டாம் நாள் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.”

முன்வரிசையிலிருந்த உத்தமனின் மனைவி, தனக்கு இரண்டும் பையன்கள்தான் என்று பக்கத்து அம்மாளிடம் சொன்னது நாலு வரிசைக்குக் கேட்டது. பச்சைமுத்து பாய்ந்து கைதட்டத் தொடங்கினார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் தட்டினார்கள்.

அதற்குப் பிறகு யாரும் மேடையைப் பார்க்கவில்லை, மலரைத்தான் பார்த்தார்கள். தலைவரின் வாழ்த்துச் செய்தி, ‘என் உழைப்பு ஒருநாளும் உத்தமன்காது’ என்று முடிந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி நிறுவனம் ஒன்று முழுப்பக்க விளம்பரத்தில் தண்ணீரை உத்தமன்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. மண்டபத்து சமையல் ஒப்பந்தக்காரர் சோற்றைப் பற்றி அதையே சொல்லியிருந்தார். கவியரசன் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றபடி, உருபையெல்லாம் யோசித்த தனக்கு ‘வீணாக’ என்ற சாதாரணச் சொல் நினைவுக்கு வராமல் போனதை எண்ணிக்கொண்டிருந்தான்.

கிருத்திகா மலரைத் தூக்கிக்கொண்டு அவனிடம் வந்தாள். மாணவர் பக்கத்தில் அவளுடைய கட்டுரை இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து அவளே எழுதியது. தலைப்பு, ‘எங்கள் உத்தமன்க்கா.’

“அப்பா, நான் வீணாக்கான்னுதானே எழுதினேன்? யாருப்பா மாத்தினது?”

“மிஷின்ல ஏதோ ஆயிடுச்சும்மா.”

“கீழ என் பேரு போட்டிருக்கேப்பா,” என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

வீணா பத்தாவது வரிசையில் இருந்தார். அழைப்பிதழ் இல்லாமல் வந்திருந்தார். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பழக்க தோஷத்தில் மலரில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பியவர், எழுந்து வந்து கிருத்திகாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மலரை அவனிடம் நீட்டினார்.

“பன்னண்டு எடம் தப்பா வந்திருக்கு கவி. இந்தத் தண்ணி, சோறு எல்லாம் சேத்து.”

“அக்கா…”

“அது பரவால்ல. மிச்ச நூத்துச் சொச்சம் எடம் பாத்தேன். உத்தமனின், உத்தமனுக்கு, உத்தமனிடம். ஒரு எழுத்து பிசகல. அந்தாளுக்கு அவரு பேரயே ஒழுங்கா எழுத வராது. அதப் பாத்ததும்தான் தெரிஞ்சுது, இது யாரு கையின்னு.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் செயற்குழு அவசரமாகக் கூடியது. இடம், பிளைவுட் கடைக்கு மேலேயுள்ள மன்ற அலுவலகம். விளக்கம் அளிக்கக் கவியரசன் அழைக்கப்பட்டிருந்தான்.

முதல் சிக்கல், மலரைத் திரும்பப் பெற முடியாது. வெளியிடப்பட்ட மலர் மன்றத்தின் அதிகாரபூர்வ ஆவணம் என்றும், அதிலுள்ளதை ஓராண்டுக்கு எவரும் மறுக்கக்கூடாது என்றும் விதி இருந்தது. அந்த விதியை இரண்டு வருடத்துக்கு முன் கொண்டுவந்தவர் உத்தமன். ஆகவே தலைவருக்குப் பெண் குழந்தை பிறந்தது விதிப்படி உண்மை.

“இதுல கூச்சப்பட என்ன இருக்கு?” என்றார் பச்சைமுத்து. “தலைவர் நமக்கு தகப்பன் மாதிரின்னு நான் எத்தன மேடைல பேசியிருக்கேன். இப்ப தாயும் ஆயிட்டாரு. எந்த மன்றத்துக்கு இந்தப் பாக்கியம் இருக்கு? வருசா வருசம் அந்த நாள விழாவாவே எடுக்கலாம்.”

தலைவரின் முகத்தைப் பார்த்து இந்த யோசனை கைவிடப்பட்டது.

“நல்லா யோசிங்க,” என்றார் உத்தமன் மெதுவாக. “இது சதி. இருவத்தஞ்சு வருசம் கழிச்சு என் பேரு அங்க வரும்னு தெரிஞ்சேதான் அந்தம்மா அன்னிக்கு கர்ப்பமா இருந்திருக்காங்க.”

“அதுவும் செயற்குழு அனுமதி இல்லாம,” என்றார் பச்சைமுத்து.

இல்லாத ஒருவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாமா என்பது அரை மணி நேரம் விவாதிக்கப்பட்டு, முகவரி இருப்பதால் அனுப்பலாம் என்று முடிவாயிற்று. அதற்கு ஆதாரமாகக் கவியரசனிடமிருந்து ஒரு கடிதம் தேவைப்பட்டது. வீணா சொல்லி அடித்த பிரதியிலேயே உத்தமன் கர்ப்பிணி என்றுதான் இருந்தது என்று அவன் எழுதித் தரவேண்டும்.

“ஒரு வரிதான் தம்பி. ‘அப்படித்தான் வந்தது’ன்னு அடிச்சு கையெழுத்துப் போடு. அடுத்த வருச மலரும் உனக்குத்தான்.”

மடிக்கணினி அவன் முன்னால் வைக்கப்பட்டது. செயற்குழுவின் பதினோரு பேரும் அவனையே பார்த்தார்கள். தன் வாழ்நாளில் முதல்முறையாக, யாரும் சொல்லாத ஒரு வாக்கியத்தை அவன் அடித்தான். இரண்டு இடத்தில் பிழை வந்து திருத்தினான்.

‘தலைவர், துணைத் தலைவர் சொன்னதன்பேரில் மலரிலிருந்து வீணாவின் பெயரை நான் நீக்கினேன். தவறு என்று தெரிந்தே செய்தேன்.’

அடி விழும் என்றுதான் எதிர்பார்த்தான். பச்சைமுத்து அதைச் சத்தமாகப் படித்தார். உத்தமன் எழுந்து வந்து, திரையை இரண்டு முறை படித்துவிட்டு, அவன் முதுகைத் தடவினார்.

“நல்ல மனசு தம்பி உனக்கு. ஒப்புத்துக்கற தைரியம் இந்தக் காலத்துல யாருக்கு வரும்? கடிதம் மட்டும் கொஞ்சம் நீளமா இருக்கு. மொதல்ல இருந்து ‘சொன்னதன்பேரில்’ வரைக்கும் செலக்ட் பண்ணு. ஆங். எடுத்துடு.”

கவியரசன் எடுத்தான்.

“வீணாவின் பெயரைன்னு வருது பாருங்க,” என்றார் பச்சைமுத்து. “ஏழாவது தீர்மானப்படி அந்தப் பேரு எந்த ஆவணத்துலயும் வரக்கூடாது.”

அதையும் எடுத்தான்.

“மலரிலிருந்துன்னா மலர்ல ஏதோ குறைன்னு ஆயிடும்,” என்றார் மூலையிலிருந்த ஒருவர். அவர் அன்று பேசியது அவ்வளவுதான்.

மிஞ்சியது, ‘நான் நீக்கினேன். தவறு என்று தெரிந்தே செய்தேன்.’

கவியரசன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மறுத்துப் பேச வாயெடுத்தான். ஆனால் எவ்வளவு தேடியும் அதில் பொய்யான ஒரு சொல் அகப்படவில்லை. கையெழுத்துப் போட்டான்.

தொழில்நுட்பர் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் செயற்குழு நிம்மதியாக வடை சாப்பிடச் சென்றது. பின்னர் மலரோடு ஒரு திருத்தச் சீட்டு ஒட்டப்பட்டது. பதினான்காம் பக்கத்தில் ‘உத்தமன்’ என்பதை ‘மன்றம்’ என்று மாற்றி வாசிக்கவும். அதையும் கவியரசன்தான் அடித்தான். அதன்படி, மன்றத்துக்கு விழா முடிந்த பன்னிரண்டாம் நாள் பெண் குழந்தை பிறந்தது.

கடிதத்தின் கதையைக் கேட்ட ஓஸ்வால்ட், “உண்மைய எழுதறவன் பிடிஎஃப்பா குடுக்கணும் மேன், வேர்டுலயா குடுப்ப?” என்றார். அதோடு அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

கவியரசன் விடவில்லை. பழைய கோப்பு ஒன்று, மாற்றுவதற்கு முந்தையது, கணினியில் இருந்தது. ஒரு நாள் கடை சாத்துமுன் அந்த நாற்பது பக்கத்தை நல்ல தாளில் எடுத்து, தானே தைத்து அட்டை போட்டு, வீணா வீட்டுக்குக் கொண்டுபோனான். வீணாவின் மகள்தான் கதவைத் திறந்தாள். இருபத்துநான்கு வயதுப் பெண். பன்னிரண்டாம் நாள் பிறந்தவள். அவளிடம் கொடுத்துவிட்டு, அம்மாவைக் கூப்பிடட்டுமா என்று அவள் கேட்பதற்குள் இறங்கி வந்துவிட்டான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கிருத்திகாவைத் தெருவிலேயே விட்டுவிட்டு, எதிர்ப்புறம் பேக்கரி வாசலில் நின்றான். மாடியிலிருந்து பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் சத்தம் கேட்கும். மன்றத்தின் ஆதரவு போனதும் வகுப்பு நின்றுவிடும் என்று உத்தமன் சொல்லியிருந்தார். பிள்ளைகளின் எண்ணிக்கை கூடித்தான் இருந்தது.

ஆறேழு வாரம் கழித்து, கிருத்திகா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “அப்பா, அக்கா உன்ன மேல வரச் சொல்றாங்க,” என்று கத்தினாள்.

வீணா சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு ஒரு தாளை நீட்டினார். வகுப்பில் புதிதாகச் சேர விரும்புகிறவர்களுக்கு அறிவிப்பு. கிழமை, நேரம், வீட்டு எண், எந்த வயதுப் பிள்ளைகள் என்று அவருடைய உருண்டையான கையெழுத்தில் எழுதியிருந்தது.

“அம்பது காப்பி போதும்.”

அவன் இரண்டு முறை படித்தான். நூற்றுப் பதினேழு மாற்றத்துக்குப் பிறகு அவன் எதையும் இரண்டு முறை படிக்கிறான்.

“அக்கா, நடத்தறவங்க பேரு விட்டுப் போச்சு. உங்க பேரு.”

“விட்டுப் போகல. வேண்டாம்னுதான் எழுதல,” என்றார் வீணா. “பேருன்னு ஒண்ணு இருந்தாத்தானே மாத்துவீங்க.”

சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் திரும்பிவிட்டார்.

கவியரசன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். அவர் அவனை எப்போதும் வா, போ என்றுதான் சொல்வார். சிவாஜிநகர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த ‘மாத்துவீங்க’வில் இருந்தது அவனைத் தள்ளி நிறுத்தும் மரியாதையா, அல்லது அந்தப் பதினோரு பேரோடு சேர்த்த பன்மையா என்று யோசித்துக்கொண்டே போனான். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. இரண்டில் எது தனக்குக் குறைவாக வலிக்கும் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.